பட்டியல் வாசித்தவன் எழுதும் மடல்

எங்கள் ஊர்க் கல்விப் பரிசளிப்பு விழாக் குழுத் தலைவருக்கும், செயலாளர் தம்பிக்கும், குழுவில் உள்ள மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

இந்த வருஷ விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்த கடிதம் கிடைத்தது. கூடவே மாணவர் விவரப் படிவத்தின் நகலையும் வைத்திருந்தீர்கள். பெயர், தகப்பனார் பெயர், பள்ளி, மதிப்பெண், ‘சேர்ந்துள்ள அல்லது சேரவிருக்கும் படிப்பு’ என்று ஐந்தே கட்டம். இந்தப் படிவத்தை 1999-ல் கார்பன் தாள் வைத்து முதலில் எழுதித் தந்தவன் நான்தான். அதனால் இந்தக் கடிதத்தில் குறை என்று ஏதாவது வந்தால் அதில் பாதி என் கணக்கில் சேரும். பாதிக்கு மேல் என்றாலும் சரி.

நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது நம் ஊர்க் குழு மட்டும் செய்கிற காரியமில்லை. நம் குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் கோயில் கமிட்டி, பங்குப் பேரவை, ஜமாஅத், சமுதாய வட்டம், வாலிபர் சங்கம் என்று எல்லா இடத்திலும் இதே மேடை, இதே கேடயம், இதே பட்டியல்தான். அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

போன மாதம் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். பேத்திக்கு ராட்டினம், எனக்கு ஒரு பலாக்கன்று. கன்றுக் கடை முன்னால் விலை பேசிக்கொண்டு நிற்கையில் ஒருவன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். “சாரே, ஓர்மை இருக்கா?”

இருந்தது. 2004-ல் என்னிடம் பிளஸ் டூ படித்தவன். 1,200-க்கு 1,098. நம் மேடையில் அந்த வருஷம் முதல் கேடயம் அவனுக்குத்தான். மைக்கில் பெயரை வாசித்தது நான். வளைகுடாவில் இன்ஜினியராக இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். “ஒரு குறையும் இல்ல சாரே. வீடு வச்சாச்சு, தங்கச்சிய கெட்டிச்சும் குடுத்தாச்சு” என்றான். மனசு நிறைந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் சிரித்துக்கொண்டே, “ரிசல்ட் வந்த அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து ஒண்ணு கேட்டேன், அது ஓர்மை இருக்கா?” என்றான்.

இல்லை. மார்க் கடைசி இலக்கம் வரை நினைவிருக்கிறது, பையன் என்ன கேட்டான் என்பது துளியும் நினைவில்லை.

அவனே சொன்னான். அவன் அப்பாவிடம் நாற்பது தேன்பெட்டி இருந்ததாம். 1991, 92 வாக்கில் வந்த நோயில் அத்தனையும் காலி. உங்களில் ஐம்பது தாண்டியவர்களுக்கு அந்தக் காலம் தெரியும். தாய் சாக்புரூட் என்ற வைரஸ் அது. பெட்டிக்குள் புழுக்கள் பைபோல வீங்கிச் செத்துக் கிடந்தன. கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் பெட்டியில் வளர்த்த நாட்டுத் தேனீ பெரும்பாலும் அழிந்தே போனது. ஐந்தாறு வயதில் அவன் பார்த்த காட்சி அது. அதை மனசில் வைத்துக்கொண்டு பதினேழு வயதில் என்னிடம் வந்து, “தேனீக்கு வருற சீக்கப் பத்திப் படிக்கணும்னா என்ன படிக்கணும் சாரே?” என்று கேட்டிருக்கிறான்.

நான் என்ன பதில் சொன்னேனாம் தெரியுமா? “முதல்ல பி.இ. எடு மக்கா, மத்தத பொறவு பாக்கலாம்.”

உண்மையான பதில் ‘எனக்குத் தெரியாது’ என்பதுதான். இயற்பியல் வாத்தியாருக்கு அது தெரியாமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் முதல் குரூப், உயிரியலும் படித்தவன். வேளாண் படிப்புக்குத் தனி விண்ணப்பம், தனிக் கலந்தாய்வு உண்டு, அதில் பூச்சியியல் என்றே ஒரு துறை இருக்கிறது என்பதையெல்லாம் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது போகட்டும். மார்த்தாண்டத்துக்காவது அனுப்பியிருக்கலாமே? 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் காலத்திலேயே தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுத்த ஊர். தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937-லிருந்து இருக்கிறது. அந்தப் பக்கம்தான் தினமும் மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

அவன் வாழ்க்கை கெட்டுப்போனது என்று நான் சொல்ல வரவில்லை. அவனும் அப்படிச் சொல்லவில்லை. 2011-ல் கிலோ 240 ரூபாய் வரை ஏறிய ரப்பர் ஷீட் 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே இறங்கியதே, அந்த வருஷங்களில் நம் ஊரில் அடுப்பு தடையில்லாமல் எரிந்த வீடுகள் எவை? வெளிநாட்டிலிருந்து யாராவது பணம் அனுப்பிய வீடுகள்தான். பால் வெட்டி மட்டும் பிழைத்த வீடுகளில் கல்லூரிக் கட்டணத்துக்கு நகை போனது எனக்குத் தெரியும், என் வீட்டிலும் போனது. அதனால் ‘மனசுக்குப் பிடித்ததைச் செய், பணம் தானே வரும்’ என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படிப் பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ரோட்டோரமாக இரண்டு ஏக்கர் இருக்கும்.

நம் ஊரில் மார்க்குக்கு இத்தனை மரியாதை வந்ததற்கும் காரணம் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போட 1859 வரை போராட வேண்டியிருந்த மண் இது. பனையேறியின் பேரன் டாக்டர் ஆனதும், ஒரு காலத்தில் உள்ளே விடாத தெருவில் அவனுக்குக் கிளினிக் வந்ததும் படிப்பால்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். எழுத்துக் கூட்டத் தெரியாத என் அம்மா என் பத்தாம் வகுப்புச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். இந்த அழுத்தத்தைப் பார்த்துக் கேலி செய்ய எனக்கு மனசு வராது.

கடற்கரை ஊர்களிலும் இதுதான் நிலை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்ததற்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஒரு தாய் மகனிடம் ‘கடலுக்கு மட்டும் போகாதே, எதையாவது படி’ என்று சொன்னால் அதை அழுத்தம் என்று எப்படிச் சொல்வது? அது பயம். அந்தப் பயத்துக்கு முன்னால் ‘உன் கனவு என்ன’ என்று கேட்க நமக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் பயத்தில் ஒருவர் சொல்லும் பதிலை, பயமில்லாத நாமும் அப்படியே மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுக்கிறோம். என் வருத்தம் அங்கேதான்.

அந்த ஃபிளக்ஸ் கதையை நினைத்துப் பாருங்கள். பெயர், வருஷம் எதுவும் வேண்டாம், உங்களுக்கே தெரியும். நீட் பயிற்சிக்கு அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பிள்ளைக்கு ‘வருங்கால மருத்துவரே!’ என்று முக்கில் பதினைந்தடிக்கு ஃபிளக்ஸ் வைத்தோம். நல்ல மனசோடுதான் வைத்தோம், நானும் நூறு ரூபாய் கொடுத்தேன். முதல் முறை 720-க்கு எதிர்பார்த்தது வரவில்லை, இரண்டாம் முறையும் இல்லை. அந்த ஒன்றரை வருஷமும் அந்தப் பிள்ளை பஸ் ஏற முக்குக்கு வராமல் ரப்பர் விளை வழியாகச் சுற்றி அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோயிற்று. ஃபிளக்ஸைக் கழற்ற நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மழையில் தானாகக் கிழிந்து விழுந்தது. இன்று அவள் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வேலை பிடித்திருக்கிறதாம். நம் படிவத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை.

பேச்சு என்று வந்தால் நாம் எல்லாரும் இஸ்ரோவுக்குப் போய்விடுவோம், நானும் போயிருக்கிறேன். சரக்கல்விளை சிவன், மேலக்காட்டுவிளை நாராயணன், ஒரே மாவட்டத்திலிருந்து இரண்டு தலைவர்கள். பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் போன வழியைச் சொல்கிறோமா? சிவன் பள்ளி முடித்ததும் நாகர்கோவிலில் படித்தது பி.எஸ்சி. கணிதம். அதற்குப் பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யில் 1980-ல் விமானப் பொறியியல் முடித்தார். நாராயணன் முதலில் படித்தது பாலிடெக்னிக் டிப்ளமோ. 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்து, பி.இ.க்கு இணையான ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதி, 1989-ல்தான் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முடித்தார். பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி. கணிதத்திலும் டிப்ளமோவிலும் சேர்ந்த எத்தனை பிள்ளைகளுக்கு நம் மேடையில் கேடயம் கொடுத்திருக்கிறோம்? நான் வாசித்த பட்டியல்களில் ஒன்று கூட எனக்கு நினைவில்லை. அந்த இருவரும் நம் ஊரில் பிறந்திருந்தால் பதினெட்டு வயதில் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் கதையிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். பதினேழு வயதில் எடுக்கிற முடிவு முழு வாழ்க்கைக்குமான முடிவு என்று பிள்ளைகளை நம்ப வைத்திருக்கிறோம். டிப்ளமோ முடித்தவன் நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம். பி.எஸ்சி. முடித்தவனுக்குப் பத்து வழி உண்டு. எந்தப் படிப்பை எடுத்தால் பின்னால் எந்தக் கதவு திறந்திருக்கும், எது மூடிவிடும், எவ்வளவு கடன் வாங்கினால் மூச்சு முட்டும் என்பதையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினால், பிள்ளைக்கும் தைரியம் வரும், அப்பா அம்மாவுக்கும் வரும்.

இன்னொன்று, நாம் படிப்பின் பெயரைத்தான் சொல்கிறோம். அந்த வேலை காலையிலிருந்து ராத்திரி வரை எப்படி இருக்கும் என்று சொல்வதில்லை. நர்ஸ் வேலைக்கு நம் ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் போயிருக்கிறார்கள்! நைட் டூட்டி முடித்து வந்து பகலில் தூக்கம் வராமல் புரளுவது எப்படி என்று ஒருத்தியிடமாவது கேட்கச் சொல்லியிருக்கிறோமா? கேட்டுவிட்டு, ‘பரவாயில்லை, எனக்கு இதுதான் வேண்டும்’ என்று போன ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் பன்னிரண்டு வருஷமாக அதே வேலையில் இருக்கிறாள். கேட்காமல் போனவர்களில் பாதியில் விட்டவர்களையும் தெரியும். தேன்பெட்டியும் அப்படித்தான். மாசி, பங்குனியில் ரப்பர் தளிரின் காம்பில் தேன் ஊறும்போது பார்க்க அழகாக இருக்கும். மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றி ஈயைக் காப்பாற்றுகிற நாள்களையும் பார்த்துவிட்டல்லவா ஒருவன் ‘எனக்கு இது பிடிக்கும்’ என்று சொல்ல வேண்டும்?

சரி, நான் கேட்பது என்ன என்பதற்கு வருகிறேன். விழாவை நிறுத்த வேண்டாம். மார்க் வாங்கிய பிள்ளை கைதட்டலுக்கு உரியதுதான். முக்கில் ஃபிளக்ஸ் மட்டும் இனி வேண்டாம். அந்தக் காசை வேறு எதற்காவது வைப்போம்.

படிவத்தில் ஆறாவதாக ஒரு கட்டம் போடுங்கள். ‘நீ யாரிடமாவது கேட்க நினைக்கும் கேள்வி’ என்று இருந்தால் போதும். ‘உன் லட்சியம் என்ன’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கலெக்டர் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள், முப்பது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறார்கள்.

விழா அன்று மதியம் மண்டபத்தின் பின்னறையில் பத்து நாற்காலி போடுங்கள். லீவில் வந்திருக்கும் நர்ஸ் ஒருத்தி, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிவரும் தூத்தூர்க்காரர் ஒருவர், லேத் பட்டறைக்காரர், கூட்டுறவு வங்கிக் கிளார்க், பாதியில் படிப்பை மாற்றியவர் ஒருவர், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிற நம் பிள்ளை (அவள் சம்மதித்தால் மட்டும்). மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். கேள்வி எழுதிய பிள்ளை யாரிடம் பேச வேண்டுமோ அவர் முன்னால் கால் மணி நேரம் உட்காரட்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் அவர்களும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். தாய் தகப்பன் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம், குறுக்கே பேசக்கூடாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் செயலாளர் தம்பி கொஞ்சம் பாடுபட வேண்டிவரும்.

இதற்கு ஒத்துக்கொண்டால் நான் வருகிறேன். மேடையில் ஏறமாட்டேன், பின்னறையில் இருப்பேன். எனக்குத் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவர் போன் நம்பரைத் தேடித் தருவேன். எல்லாருக்கும் சாயாவும், மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் என் செலவு.

வாவுபலியில் பார்த்தவன் இன்னும் மூன்று வாரம் ஊரில்தான் இருக்கிறானாம். ஒரு நாற்காலியில் நீ உட்காருவாயா என்று கேட்டேன். “உக்காரலாம் சாரே, ஆனா நான் எதப் பத்திச் சொல்ல? வளைகுடாவப் பத்தியா, தேனீயப் பத்தியா?” என்றான். பிள்ளைகள் கேட்பதைப் பொறுத்து என்றேன்.

இப்படிக்கு,
22 வருஷம் உங்கள் பட்டியலை வாசித்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
விளவங்கோடு தாலுகா.