வில்லின் கரகரப்பை அழிக்காதீர்கள்

எழுபதுகளின் ராக் இசைத்தட்டுகளை மறுவெளியீடு செய்யும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ராக் வயலின்காரர் பாப்பா ஜான் கிரீச்சின் தொகுப்புக்கு நீங்கள் அனுப்பிய மாதிரிப் பிரதியைக் கேட்டோம். ஜெஃபர்சன் ஏர்ப்ளேன், ஹாட் டூனா ஆகிய ராக் குழுக்களில் அவர் வாசித்த காலத்துப் பதிவுகள் பளிச்சென்று இருக்கின்றன. 1978-இல் டிஜேஎம் நிறுவனம் வெளியிட்ட 'இன்ஃபேஷன்' ஆல்பத்தின் டிஸ்கோ பாட்டுகள் வந்ததும் வயலினைக் காணோம். டிஸ்கோதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டீர்கள் போலும்.

என்ன நடந்தது என்று கேட்டாலே தெரிகிறது. மூல நாடாவைத் தேடாமல் ஏதோ ஒரு வினைல் தட்டிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அந்தத் தட்டின் இரைச்சலைப் போக்க மென்பொருளை முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறீர்கள். வில் தந்தியைப் பற்றும் கணத்தில், வில்லில் தடவிய ரோசின் பிசின் தரும் கரகரப்புக்கும் தட்டின் இரைச்சலுக்கும் அந்த மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும். தட்டின் 'டிக்' சத்தங்களை நீக்கும் சொடுக்கு நீக்கியோ வில்லின் கூர்மையான தொடக்கத்தைக் கீறல் என்று நினைத்து மழுக்கிவிடும். மிஞ்சுவது தாளிப்பை வடிகட்டிவிட்டு ஊற்றிய ரசம்.

அதோடு நிற்கவில்லை. டிஸ்கோவில் கிக் டிரம், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், நான்கு அடியிலும் விழும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் அரை விநாடிக்கு ஒன்று. ஒலியளவைக் கூட்ட, உச்ச ஒலிகளை அமுக்கும் லிமிட்டரை இறுக்கினால், ஒவ்வொரு கிக்குக்கும் மொத்த ஒலியும் அமுங்கி எழும். ஹை-ஹாட் தாளத்தட்டு போன்ற குறுகிய ஒலிகளில் அது அவ்வளவாகத் தெரியாது. நீட்டி இழுக்கும் வயலின் சுரத்தில் அப்பட்டமாகத் தெரியும். சுரம் மூச்சு வாங்கும். எப்போது அமுக்குவது என்று லிமிட்டர் ஒலியை அளந்து பார்க்கும் பாதையில், கிக் ஒலிக்கும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பகுதியை வெட்டியிருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். வயலினின் அடித்தந்தியே 196 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மூல நாடாவிலிருந்து எடுங்கள்.

நாடா ஒட்டும் என்று பயந்தால் அதற்கும் வழி உண்டு. அந்தக் காலத்துச் சில நாடாக்களின் பசை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் காந்தப் பூச்சு உரிந்து, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் போலச் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு ஓட்டுங்கள். நாடாவின் தொடக்கத்தில் சோதனை ஒலிகள் இருந்தால் அவற்றை வைத்து ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்யுங்கள். கோணம் பிசகினால் முதலில் போவது மேல் அலைவரிசை, அதாவது வில்லின் ஓசை. நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி ஏ முறையில் பதிந்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். படிப்பதற்குச் செலவில்லை.

1978-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு டிஸ்கோ தாளத்தைத் தொட்டால் அது துணிச்சல்; அறுபதைத் தாண்டிய கறுப்பின வயலின்காரர் தொட்டால் சறுக்கல், அப்படித்தானே? 1917-இல் பிறந்து 53 வயதில் ஏர்ப்ளேனில் சேர்ந்தவர் கிரீச். அதற்கு முன்பு பல பத்தாண்டுகள் கேபரே மேடையிலும் சொகுசுக் கப்பலிலும் வாசித்தே பிழைத்தவர். ஆடுகிற கால்களுக்கு வாசிப்பது அவருக்குப் பழைய வேலை. ராக்தான் இடையில் வந்தது. ஃபிலடெல்ஃபியா நகரத்து டிஸ்கோ பதிவுகளில் வயலின்கள் கூட்டமாகப் பின்னணியில் மினுங்கின. இவர் ஒற்றை வயலினை, ப்ளூஸ் வளைவுகளோடு, பாடகர் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார். எல்லாப் பாட்டும் தேறியது என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் தேறியதா இல்லையா என்று கேட்பவர் முடிவுசெய்யட்டும். அதற்கு வயலின் காதில் விழ வேண்டும்.

1979 ஜூலையில் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உங்கள் மென்பொருள் சத்தமில்லாமல் அதையே செய்கிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூல நாடாவிலிருந்து எடுங்கள். அது கிடைக்கவே இல்லையென்றால், தேய்மானம் குறைந்த தட்டு ஒன்றைத் தேடி, சொடுக்குகளைக் கையால் ஒவ்வொன்றாக நீக்கி, இரைச்சலை இருக்கிறபடி விட்டுவிடுங்கள். தட்டிலிருந்து எடுத்தது என்று உறையிலும் அச்சிடுங்கள். வாசித்தவர்கள் எல்லாருடைய பெயரும் அதே உறையில் வர வேண்டும். மாதிரிப் பிரதியில் ஒருவர் பெயர்கூட இல்லை.

தொகுப்பு அச்சுக்குப் போகும் முன், நாடா இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரிப் பதிலாவது அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ராக் வயலின் பதிவுகளைச் சேகரிப்போர் சிலர்