என்ஜின் மேல் பழி போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு விமானம் ஒன்று வயலில் இறங்கிவிட்டால் மறுநாளே 'என்ஜின் கோளாறு' என்று பெட்டிச் செய்தி வந்துவிடுகிறது. பல ஆண்டுகள் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். என்ஜின் நின்றது என்று எழுதுங்கள், சரி. கோளாறு என்று எழுதுமுன் டேங்கில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல நேரங்களில் என்ஜின் பட்டினியால்தான் நின்றிருக்கும்.

நானும் ஒருநாள் அப்படிச் செய்தியாகியிருப்பேன். அப்போது மாணவன். இரவெல்லாம் வெளியில் மழையில் நின்ற செஸ்னா 172. புறப்படுமுன் இறக்கைக்கு அடியிலுள்ள வால்வை அழுத்தி, சிறு குப்பியில் பெட்ரோல் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். பெட்ரோல் மேலே நிற்கும். நடுவில் கோடு தெரியும். கோடு எதுவும் தெரியவில்லை. "சுத்தமா இருக்கு சார்" என்றேன். பயிற்றுநர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார்.

நிறமே இல்லை. நாங்கள் போடும் 100எல்எல் பெட்ரோல் இளநீலம். என் குப்பியில் இருந்தது மொத்தமும் தண்ணீர், கோடு எங்கிருந்து வரும்? டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்து மழை உள்ளே இறங்கியிருந்தது. ஏழெட்டுக் குப்பி கொட்டிய பிறகுதான் நீலம் வந்தது.

அப்படியே கிளம்பியிருந்தால் ஓடுபாதையில் ஒன்றும் தெரிந்திருக்காது. குழாயில் மிச்சமிருக்கும் நல்ல பெட்ரோல் தீரும்வரை என்ஜின் ஓடும். மேலே ஏறும்போதுதான் நிற்கும். 300 அடி உயரத்தில் நின்றால், காற்றில்லாத நாளில் அந்த விமானம் சறுக்கிப் போகக்கூடியது சுமார் 2,700 அடி. ஓடுபாதைக்குத் திரும்ப அது போதாது.

அளவும் அப்படித்தான். சிறு விமானத்தின் பெட்ரோல் முள்ளை நம்பி நான் யாரையும் பறக்க விட்டதில்லை. இறக்கை மேல் ஏறி, குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். குச்சி சரியாகச் சொன்னாலும் கணக்குத் தப்பலாம். 1983-இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில் மானி வேலை செய்யாததால் குச்சியால்தான் அளந்தார்கள். தேவைப்பட்டது 22,300 கிலோ. கிலோவையும் பவுண்டையும் குழப்பியதில் பாதிகூட ஏறவில்லை. 41,000 அடி உயரத்தில் தீர்ந்தது. கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் சறுக்கியே இறக்கினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். அந்த இரண்டு என்ஜின்களிலும் ஒரு குறையும் இல்லை.

விசாரணை அறிக்கை வர மாதங்கள் ஆகும். அதற்குள் செய்தி பழசாகிவிடுகிறது, 'கோளாறு' மட்டும் வாசகர் மனதில் நிற்கிறது. அறிக்கை வந்ததும், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் நான்கு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானப் பயிற்றுநர் ஒருவர்