பாலாறு பாலைவனம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலாறு பற்றிய செய்திக்குப் 'பாலைவனமான பாலாறு' என்று தலைப்பு கொடுத்திருந்தீர்கள். தார், லடாக் இரண்டு பாலைவனங்களிலும் ராணுவ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்தத் தலைப்பு என்னை உறுத்துகிறது.

ஜெய்சால்மரில் மே மாதம் 45 டிகிரியைத் தாண்டும். வியர்வை காய்ந்து சட்டையில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே தார்ப் பகுதியில் பலோடியில் 2016-ல் 51 டிகிரி பதிவானது. அடுத்து லடாக்கின் லே நகரம். 3,500 மீட்டர் உயரம். போய் இறங்கியதும் சில நாள் ஓய்வில்தான் வைப்பார்கள், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். ஜனவரியில் மைனஸ் 20 வரை இறங்கும், வறண்ட காற்றில் உதடு வெடித்து ரத்தம் கசியும். கண்ணுக்கெட்டியவரை கல்லும் சரளையும். ஆனாலும் நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் பக்கம் போனால் மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும் உண்டு.

ஒன்று கொதிக்கிறது, ஒன்று உறைகிறது. இரண்டும் பாலைவனமானது மழை இல்லாததால். ஆரவல்லி மலை பருவக்காற்றுக்குக் குறுக்கே நிற்காமல் காற்றுப்போக்கிலேயே நீண்டு கிடப்பதால் அரபிக்கடல் மேகம் தாரைத் தாண்டிப் போய்விடுகிறது. லடாக்கிலோ இமயமலை குறுக்கே நின்று மேகத்தை மறித்துவிடுகிறது. லேயில் ஆண்டு மழை 100 மி.மீ. அளவுதான். வேலூரில் சராசரியாக 900 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. நம் வெயிலையும் ஆற்று மணலையும் பார்த்துப் பாலைவனம் என்பது தவறு.

அவர்கள் தண்ணீரை வைத்துக்கொள்ளும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஜெய்சால்மர் பக்கம் ஒரு வீட்டில், முற்றத்து மழைநீர் இறங்கும் நிலத்தடித் தொட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா பித்தளைச் சொம்பை மணலால் தேய்த்து, துணியால் துடைத்து எடுத்து வைத்தார். சரிவில் ஓடிவரும் மழைநீரை நம் ஏரிக்கரை போலவே மண்கரை கட்டி மறித்து, ஈரம் ஊறிய நிலத்தில் கோதுமையும் கடலையும் விதைக்கிறார்கள். 'கடீன்' என்று பெயர். கேஜ்ரி என்று அவர்கள் போற்றி வளர்ப்பது நம்ம வன்னி மரம்தான். லடாக்கில் பனி உருகி வரும் ஓடை காலையில் இளைத்திருக்கும், மாலையில்தான் பெருகும். அதைக் குளத்தில் தேக்கி முறை வைத்து வாற்கோதுமை வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

'தண்ணி இல்லா ஆறு' என்று வேலூரை ஏசுவது பழைய பேச்சு. 2021 நவம்பரில் அந்த ஆறுதான் கரைபுரண்டு ஓடியது. அப்போதும் எங்கள் ஊர் ஏரி நிரம்பவில்லை. வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டி, வழி தூர்ந்து கிடந்தது, இன்றும் கிடக்கிறது. மாவட்டத்தில் இப்படித் தூர்ந்த கால்வாய்களை ஊர் ஊராகப் படம் பிடித்துப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் போட்டால் பயன் உண்டு.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ வீரர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்