குளத்துக்கு எர்த் மட்டும் போதாது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நீச்சல் குளத்தின் மின் சோதனைக்கு நாங்கள் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "எர்த் கம்பி போட்டாயிற்று, மின்கசிவு வந்தால் விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபியும் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஏணி, கைப்பிடி, தரை, தண்ணீர் என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்கிறீர்கள்?" நியாயமான கேள்விதான். நாங்கள் தரும் அறிக்கையில் இருக்கும் எண்களுக்குப் பொருள் புரியாமல் அதற்குப் பணம் தர யாருக்கும் மனம் வராது. எதை அளக்கிறோம், ஏன் அளக்கிறோம், எந்த எண் வந்தால் குளத்தை மூடச் சொல்கிறோம் என்பதையெல்லாம் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

எர்த்திங், பாண்டிங் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பம்ப் மோட்டாருக்குள் கம்பி உறையின் காப்பு கெட்டு, மின்சாரம் வரும் பேஸ் கம்பி அதன் உலோக உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின் பலகைக்குப் போகும் எர்த் கம்பி அந்த மின்சாரத்துக்கு ஒரு நல்ல திரும்பும் வழியைக் கொடுத்து, பிரேக்கரை விழ வைக்கிறது. பழுதான கருவிக்கு மின்சாரம் போவதை நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. பாண்டிங்கின் வேலை வேறு. குளத்தில் இருப்பவர் ஒரே நேரத்தில் தொடக்கூடிய எல்லாவற்றையும், அதாவது ஏணி, கைப்பிடி, விளக்குக் கூடு, பம்ப் உடல், காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள், ஓரத்துத் தரை, தண்ணீர் ஆகியவற்றைச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைப்பதுதான் பாண்டிங். ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும் இரண்டு தொட்டிகளைக் குழாய் போட்டு இணைத்தாலும் அதில் தண்ணீர் ஓடாது. அதுபோல, இரண்டு இடங்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் அவற்றைத் தொடுபவரின் உடல் வழியே மின்சாரம் ஓடாது.

"மண்ணில் இன்னொரு எர்த் கம்பி அடித்துவிட்டால் சரியாகிவிடுமே" என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மண்ணில் அடித்த கம்பியின் தடை 20 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட் பேஸ் பழுதாகி அந்தக் கம்பி வழியாக மட்டும் மண்ணுக்குப் போனால் ஓடுவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. ஆர்சிசிபி இல்லாத இடத்தில் பழுதான உலோகமும் ஏறத்தாழ முழு அழுத்தத்தோடு அப்படியே நிற்கும். அமெரிக்கத் தேசிய மின் நெறிமுறையின் 680-ஆம் பிரிவு, குளத்தின் பாண்டிங் கம்பியைத் தொலைவில் உள்ள மின் பலகைக்கோ மண்ணில் அடித்த கம்பிக்கோ இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை என்றே சொல்கிறது. பாண்டிங் எதற்காக என்பது இதிலிருந்தே தெரியும். அதன் நோக்கம் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்புவது அல்ல, குளத்தைச் சுற்றி எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் வைப்பது.

குளத்தில் மட்டும் இவ்வளவு கவனம் ஏன்? உலர்ந்த தோல் நல்ல தடையாக நிற்கும். தண்ணீரில் ஊறிய உடலில் அந்தத் தடை பெரும்பாலும் போய்விடுகிறது. ஈரமான உடலுக்குச் சுமார் 1000 ஓம் என்று கொண்டால், 10 வோல்ட்டுக்கே 10 மில்லி ஆம்பியர் ஓடும். அரை மில்லி ஆம்பியரே உடலுக்குத் தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசைகள் இறுகிப்போய், பிடித்ததை விட முடியாமல் ஆகலாம். தரையில் நிற்பவருக்கு அது வலியோடு முடியக்கூடும். நீந்திக்கொண்டிருப்பவருக்குக் கை கால் இறுகினாலே போதும், மூழ்கிவிடுவார். அவருடைய இதயம் பாதிக்கப்படும் அளவுக்கு மின்சாரம் போயிருக்கவே வேண்டியதில்லை. "லேசாகத்தானே சுர்ரென்கிறது" என்று யாராவது சொன்னால் நாங்கள் பதறுவது இதனால்தான்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது குளத்தில் எந்தக் கருவியும் பழுதாகாமலே வரும் மின்னழுத்தம். பல இடங்களில் மின் வழங்கலின் நியூட்ரல் கம்பி, மின்மாற்றி அருகிலும் கட்டடத்தின் நுழைவிலும் எர்த்தோடு சேர்க்கப்பட்டிருக்கும். நியூட்ரலில் சுமையின் மின்சாரம் திரும்பும்போது அதன் இரு முனைகளுக்கிடையே சில வோல்ட் வேறுபாடு உண்டாகிறது. எங்காவது அந்த இணைப்பு தளர்ந்தால் அந்த வேறுபாடு இன்னும் ஏறும். அப்போது எர்த்தோடு சேர்ந்த எல்லா உலோகமும், உங்கள் பம்பும் ஏணியும்கூட, சுற்றியுள்ள மண்ணைவிட உயர்ந்த அழுத்தத்தில் நிற்கும். பாதுகாப்புக்காகப் போட்ட எர்த் கம்பியே அந்த அழுத்தத்தைக் குளத்துக்குக் கொண்டுவருகிறது. இந்த மின்சாரம் உங்கள் ஆர்சிசிபி வழியாக வருவதில்லை என்பதால் அது விழவும் விழாது. இந்த நிலையில் குளத்தில் இருப்பவரைக் காப்பது பாண்டிங் மட்டும்தான். தண்ணீரும் தரையும் ஏணியும் சேர்ந்தே உயர்ந்தால் அவற்றுக்கிடையே வேறுபாடு இருக்காது. ஓரத்துத் தரை மட்டும் விட்டுப்போயிருந்தால், ஈரக்காலோடு தரையில் நின்று கைப்பிடியைப் பிடிப்பவருக்குத்தான் அது தெரியவரும்.

இப்படிச் சுர்ரென்கிற இடங்களில், யாரோ வந்து எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்லிப் போவதும் உண்டு. தயவுசெய்து இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அறிகுறி நின்றுவிடும். ஆனால் நாளைக்கு மோட்டாரில் உண்மையான பழுது வந்தால் மின்சாரத்தை உடனே நிறுத்த வழி இருக்காது.

சரி, சோதனைக்கு வருவோம். கருவியை எடுப்பதற்கு முன் கண்ணால் பார்க்கிறோம். பாதிக் குறைகள் அங்கேயே அகப்பட்டுவிடும். புது பம்ப் மாட்டும்போது பழைய பம்பிலிருந்து கழற்றிய பாண்டிங் கம்பி, தரையில் சுருண்டு கிடக்கும். ஓரத்துக்குப் புது ஓடு பதித்தபோது கம்பி அறுந்திருக்கும். செம்புக் கம்பியைத் துத்தநாகம் பூசிய சாதாரண க்ளாம்பில் கட்டியிருப்பார்கள், அது பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருக்கும். உப்பு நீர்க் குளோரின் கருவி உள்ள குளங்களில் இந்த அரிப்பு இன்னும் வேகம். அங்கே பித்தளை அல்லது செம்புக் கலவை க்ளாம்ப்தான் நிற்கும்.

அடுத்தது தொடர்ச்சிச் சோதனை, அதாவது இணைப்புகள் அறுபடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது. நேரம் அதிகம் எடுப்பது இதுதான். பாண்டிங் வலையின் ஓர் இடத்தில் நீளமான கம்பியின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையோடு குளத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு உலோகப் பாகத்துக்கும் தடையை அளக்கிறோம். சோதனைக் கம்பியின் சொந்தத் தடையை முதலிலேயே கழித்துவிடுவோம். சாதாரண மல்டிமீட்டரை இதற்குப் பயன்படுத்துவதில்லை. அது அனுப்பும் மின்சாரம் மிகக் குறைவு. அரித்துப்போய் ஒரே இழையில் தொங்கும் இணைப்பும் அதில் நல்ல இணைப்பாகவே தெரியும். மின் சோதனைக் கருவிகளுக்கான ஐஇசி 61557 என்ற சர்வதேசத் தரம் இந்தச் சோதனைக்குக் குறைந்தது 200 மில்லி ஆம்பியர் கேட்கிறது. நாங்கள் கொண்டுவரும் கருவி அதைத் தரும்.

வருகிற எண்ணை எப்படிப் படிப்பது? 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.003 ஓம் தடை. 20 மீட்டர் கம்பி என்றால் 0.06 ஓம். இணைப்புகளுக்குக் கொஞ்சம் சேர்த்தாலும் 0.1 ஓம் அருகில் நிற்க வேண்டும். அங்கே 2 ஓம் வந்தால், பார்வைக்குச் சின்ன எண்தான். ஆனால் கம்பிக்கு அவ்வளவு தடை வரவே முடியாது, வழியில் ஏதோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. அறிக்கையில் நாங்கள் "எதிர்பார்த்தது", "வந்தது" என்று இரண்டு எண்கள் எழுதுவது இதற்காகத்தான். வந்த எண்ணை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

கைப்பிடிகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாண்டிங் கம்பி வந்து சேர்வது தரையில் புதைந்த உலோகக் கூட்டில். கைப்பிடி அந்தக் கூட்டுக்குள் செருகி, ஆப்பு வைத்து இறுக்கப்பட்டிருக்கும். கூட்டில் அளந்தால் எண் அருமையாக வரும். ஆனால் மனிதர் பிடிப்பது கைப்பிடியை. ஆப்பில் அழுக்கும் அரிப்பும் சேர்ந்திருந்தால் கூட்டுக்கும் கைப்பிடிக்கும் தொடர்பே இருக்காது. அதனால் பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்துக் கைப்பிடியிலேயே அளக்கிறோம்.

ஃபைபர் அல்லது வினைல் விரித்த குளங்களில் தண்ணீருக்கும் காங்கிரீட்டுக் கம்பிகளுக்கும் தொடர்பு இல்லை. மின்சாரம் கடத்தாத எபாக்சி பூசிய கம்பிகள் போட்ட குளத்திலும் அந்தக் கம்பிகளை நம்ப முடியாது. அங்கே தண்ணீரைத் தொடும் ஓர் உலோகத் துண்டை வைத்து அதை வலையோடு சேர்க்க வேண்டும். குழாய்கள், பம்ப், வடிகட்டி எல்லாம் பிளாஸ்டிக்காக மாறிவிட்ட பிறகு இதை மறந்துவிடுகிறார்கள்.

தொடர்ச்சி சரியாக இருந்தாலும் அழுத்தத்தை நேரடியாகவும் அளக்கிறோம். ஒரு முனை தண்ணீரில், மறுமுனை ஈரத்துணி விரித்துத் தரையில் வைத்த உலோகத் தட்டில். பிறகு தண்ணீருக்கும் கைப்பிடிக்கும், கைப்பிடிக்கும் தரைக்கும் இடையே. நல்ல வோல்ட்மீட்டர்கள் காற்றில் வரும் பொய் அழுத்தத்தையும் காட்டும். அதனால் இரு முனைகளுக்கும் குறுக்கே மனித உடலுக்கு ஈடாக 1000 ஓம் தடை ஒன்றை இணைத்து மறுபடி அளக்கிறோம். பொய் அழுத்தம் உடனே விழுந்துவிடும். உண்மையானது அப்படியே நிற்கும். அந்தத் தடையை இணைத்த பிறகும் ஒரு வோல்ட்டுக்கு மேல் நின்றால், காரணம் தெரியும்வரை குளத்தை மூடச் சொல்கிறோம். இது நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை, இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

இதே அளவை பம்ப், விளக்கு எல்லாம் ஓடும்போது ஒருமுறையும், அவற்றை நிறுத்தி ஒருமுறையும், கடைசியாக மெயினையே நிறுத்தி ஒருமுறையும் எடுக்கிறோம். பம்பை நிறுத்தியதும் அழுத்தம் போனால் குறை பெரும்பாலும் பம்பில். மெயினை நிறுத்தியும் போகாவிட்டால் அது வெளியிலிருந்து வருகிறது. அப்போது மின் வழங்குபவரைத்தான் அழைக்க வேண்டும். எங்கள் அளவுகளை எழுதித் தருகிறோம், அவர்களிடம் காட்டலாம்.

ஆர்சிசிபியில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள். அது உள்ளே இருக்கும் பொறி வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்பதைக் கருவி வைத்துத்தான் அறிய முடியும். 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி விநாடிக்குள்ளும், 150 மில்லி ஆம்பியரில் 40 மில்லி விநாடிக்குள்ளும் விழ வேண்டும். 15 மில்லி ஆம்பியரில் விழக் கூடாது. மோட்டார், கம்பிகளின் காப்பை 500 வோல்ட் டிசியில் சோதிக்கிறோம், குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் 12 வோல்ட் விளக்குகளில் இன்னொன்றும் பார்க்கிறோம். அவற்றின் மின்மாற்றியின் 12 வோல்ட் பக்கம் எர்த்தோடு சேரக் கூடாது. நல்லெண்ணத்தில் யாராவது சேர்த்துவைத்திருந்தால் பிரித்துவிடுகிறோம்.

ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை போதும். பம்ப் மாற்றினாலோ, ஓரத்துத் தரையை இடித்தாலோ, உப்பு நீர்க் கருவி போட்டாலோ, அருகில் மின்னல் விழுந்தாலோ ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இடையில் யாருக்காவது தண்ணீரில் சுர்ரென்று பட்டால் எல்லோரையும் வெளியே வரச் சொல்லுங்கள். உலோக ஏணியையும் கைப்பிடியையும் தொடாமல் ஓரத்தின் வழியாக ஏற வேண்டும். உலர்ந்த இடத்தில் நின்று மெயினை நிறுத்துங்கள். ஒருவர் அசைவில்லாமல் கிடந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள், குதித்தவரும் சிக்கிக்கொள்வார். மெயினை நிறுத்திவிட்டு, உலோகம் இல்லாத கழியையோ கயிற்றையோ பயன்படுத்தி இழுங்கள், அவசர உதவியை அழையுங்கள். அழுத்தம் வெளியிலிருந்தும் வரக்கூடும் என்பதால், மெயினை நிறுத்திவிட்டோம் என்று யாரும் மறுபடி இறங்க வேண்டாம்.

நாங்கள் வரும் நாளில் பம்ப் அறையையும் மின் பலகையையும் திறந்து வையுங்கள். அன்று காலை குளத்தை யாரும் பயன்படுத்தாமல் இருந்தால் நல்லது. மெயினை நிறுத்தப்போகிறோம் என்பதால் வீட்டில் உள்ளவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளம் கட்டியபோது காங்கிரீட் போடுவதற்கு முன் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள். கம்பிகள் எங்கே கட்டப்பட்டன என்று அதில் தெரிந்தால், தரையை உடைக்காமலே பல குறைகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் குளப் பராமரிப்புக் குழுவினர்