பழகாதவர்கள் நாங்கள் இல்லை

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் டிஜிட்டல் காலத்தில் வானொலி எப்படிப் பிழைப்பது என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். முழுக்கப் படித்தேன், நல்ல விஷயங்களும் இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி, 'கிராமத்து நேயர்கள் டிஜிட்டலுக்குப் பழகாததுதான் நிலையங்களுக்குப் பெரிய தடை' என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதியவர் வெளியூர்க்காரராக இருக்கலாம். உங்களுக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முக்கூடல், பாப்பாக்குடி, கடையம், பொட்டல்புதூர் எல்லாம் நன்றாகத் தெரியும். அச்சுக்குப் போகுமுன் நீங்களாவது அந்த வரியை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

நான் பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டு, பக்கத்தில் ஈரத்துணியில் பொதிந்த இலை, கையில் கத்தரிக்கோல் என்று உட்கார்ந்தால் கண்ணும் கையும் வேலையில் இருக்கும், காது மட்டும்தான் சும்மா இருக்கும். டிவியைப் பார்த்துக்கொண்டே சுற்றினால் இலை கோணலாக வெட்டுப்படும், தலைமடக்கு சரியாக விழாது, கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஒரு கை அள்ளிக் கழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் எங்கள் தெருவுக்கு என்றைக்கும் ரேடியோதான். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1-ல் தொடங்கியது. மீடியம் வேவ் 1197 கிலோஹெர்ட்ஸில் அது வரும் இடத்தில் எங்கள் ஆச்சி டிரான்சிஸ்டரில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தாள், அவளுக்கு எண் வாசிக்கத் தெரியாது.

இப்போது அந்த டிரான்சிஸ்டர் இருந்த இடத்தில் போன் இருக்கிறது. பக்கத்து வீட்டு மதினி எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தூள் ஒட்டிய விரலால் டைப் அடிக்க முடியாது, அதனால் முந்தானையில் ஒரு துடை துடைத்துவிட்டு அந்த மைக் படத்தை அமுக்கிப் பிடித்தபடி குவைத்தில் இருக்கும் மகனிடம் ஊர்க்கதை பூராவும் பேசிவிடுவார். வில்லுப்பாட்டு கேட்க வேண்டுமா, யூடியூபில் வாயால் சொல்லித் தேடி எடுக்கிறார். பேரனுக்குப் பணம் அனுப்புவதும் அதே போனில்தான். இவரா அய்யா பழகாதவர்?

நிலையங்கள் எங்களிடம் பழகிய கதையைச் சொல்கிறேன். நாங்கள் வழக்கமாகக் கேட்கிற ஒரு நிலையம், பெயர் வேண்டாம், 'உங்கள் கருத்துகளை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்' என்று மணிக்கு மணி எண்ணைச் சொல்கிறது. மதினியும் நானும் சேர்ந்து, பாதியில் நின்றுபோன ஒரு வில்லிசையின் மீதியை எப்போது போடுவீர்கள் என்று கேட்டு அனுப்பினோம். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. கொஞ்ச நாள் பொறுத்து மறுபடியும் அனுப்பினோம், மறுபடியும் நீல டிக். பார்த்துவிட்டார்கள் என்று தெரிகிறது, பார்த்துவிட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும் தெரிகிறது. அந்தக் காலத்தில் அஞ்சலட்டை போட்டுவிட்டுப் பதில் வராவிட்டால் தபால்காரர் தொலைத்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம், இப்போது அதற்கும் வழியில்லை.

நேயரை எப்படி நடத்துவது என்று எங்களுக்குக் காட்டித் தந்தது இலங்கை வானொலி. கடல் தாண்டி வந்த அந்த ஒலி எங்கள் பக்கம் தெளிவாகக் கேட்கும். கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசினால் வீட்டில் ஒருத்தர் பேசுவதுபோல இருக்கும். அஞ்சலட்டையில் எழுதிப் போட்ட பெயரை ஊர்ப் பெயரோடு வாசிப்பார்கள், அன்றைக்கெல்லாம் தெருவில் அதே பேச்சுதான். இன்டர்நெட் எதுவும் இல்லாமலே நேயரைக் கூடவே வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஒரு தனியார் நிலையத்துக்குப் போன் போட்டு லைன் கிடைத்தால், பெயர் என்ன, எந்த ஊர், என்ன பாட்டு, யாருக்கு டெடிகேட் என்று கேட்டுவிட்டுக் கட் செய்கிறார்கள். நாம் வாய் திறந்து ஒரு விஷயம் சொல்வதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது.

அப்புறம் எங்கள் பேச்சு. நெல்லைத் தமிழ் என்றாலே 'ஏலே' என்று கத்துகிற ஒரு கோமாளிக் குரல்தான் அவர்களுக்குத் தெரிகிறது. எங்கள் வீடுகளில் யாரும் அப்படிக் கத்திக்கொண்டு திரிவதில்லை. மாப்பிள்ளையை, மாமனாரை, சின்னப் பிள்ளையை, கடைக்கார அண்ணாச்சியை என்று ஆளுக்கு ஒரு மாதிரி பேசுகிற மரியாதை இந்த மண்ணில் இருக்கிறது, அதைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளைகளே மைக் முன்னால் உட்கார்ந்ததும் அதைக் கேலிப் பொருளாக்குவது எவ்வளவு வலிக்கிறது தெரியுமா.

செயலி வந்ததை நான் குறை சொல்லவில்லை. ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலி வந்தபிறகு குவைத்தில் இருக்கிற பிள்ளைகூட திருநெல்வேலி நிலையத்தைக் கேட்க முடிகிறது, அது பெரிய காரியம். ஆனால் எந்த நிலையமாக இருந்தாலும், ஓடுகிற நேரத்தில் ஓடுவதைக் கேட்பதோடு முடிந்துவிடக் கூடாது. நான் கடைக்குப் பீடி கொடுக்கப் போன நேரத்தில் ஒரு நல்ல பேச்சு போனால் அது போனதுதான், சாயங்காலம் எடுத்துக் கேட்க ஒரு வழி வேண்டும். தென்கச்சி சுவாமிநாதன் திருநெல்வேலி நிலையத்தில் வேலை பார்த்தவர், பிறகு சென்னைக்குப் போய்ப் புகழ்பெற்றார். சில நிமிஷம் மட்டும் பேசி ஒரு சிரிப்போடு முடிப்பார். அந்தப் பேச்சுகளை இன்றும் யூடியூபில் கேட்கிறோம், வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். ஸ்டுடியோவில் கேமரா மாட்டுங்கள், எல்லாவற்றையும் வீடியோ ஆக்குங்கள் என்று கட்டுரை யோசனை சொல்கிறது. அந்தப் பேச்சுக்கு எந்த வீடியோவும் தேவைப்படவில்லையே. அப்படி ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை வில்லிசை, எத்தனை கணியான் கூத்து, எத்தனை பெரியவர்களின் பேச்சு நாடாவில் கிடக்கும்! அதை ஐந்து நிமிஷம், பத்து நிமிஷமாக நறுக்கி, தமிழில் தலைப்பு வைத்துப் போட்டாலே போதும். பலரும் ஆங்கிலத்தில் நிகழ்ச்சி எண்ணும் தேதியும்தான் போடுகிறார்கள், அதை யார் தேடிக் கண்டுபிடிப்பது?

போனில் இருக்கிற எஃப்.எம். பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பழைய போனில் ஹெட்போன் ஒயரைச் செருகினால் அதுவே ஏரியல், காசில்லாமல் டேட்டா இல்லாமல் ரேடியோ கேட்கலாம். இப்போது வருகிற பல போன்களில் ஒயர் செருகத் துளையும் இல்லை, எஃப்.எம்.மும் இல்லை. 2023 ஏப்ரலில் மத்திய அரசே போன் கம்பெனிகளிடம் எஃப்.எம். வசதியை எடுத்துவிடாதீர்கள் என்று எழுதிச் சொல்ல வேண்டி வந்தது. கருவியிலிருந்து ரேடியோவைப் பிடுங்கியது நாங்களா?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நினைத்தால்தான் பொறுக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரை புரண்டு ஓடுகிறது, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான ஜனங்களோடு நடுவழியில் நிற்கிறது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம், அவள் போன் நாட் ரீச்சபிள். செயலியாவது பாட்காஸ்டாவது, அந்த இரவில் எதுவும் திறக்கவில்லை. பரணில் கிடந்த டிரான்சிஸ்டருக்குச் சுவர்க் கடிகாரத்து பேட்டரியைக் கழற்றிப் போட்டு முள்ளைத் திருப்பினோம். ஒரு நிலையத்தில் சினிமாப் பாட்டும் நகைக்கடை விளம்பரமும் ஓடிக்கொண்டிருந்தன. எந்தப் பாலம் போனது, எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று விடியும்வரை காத்திருந்தேன்.

தனியார் எஃப்.எம்.முக்குச் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை எடுத்துப் போடலாம், அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் வானிலை, போக்குவரத்து, கரண்ட், தண்ணீர், இயற்கைச் சீற்ற எச்சரிக்கை இதெல்லாம் செய்திக் கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம் என்று 2011-ல் வந்த மத்திய அரசின் எஃப்.எம். கொள்கையிலேயே இருக்கிறது. அனுமதி இருந்தது, சொல்ல ஆள் இல்லை. அந்த ராத்திரி எந்த ஊரிலிருந்து யார் அந்தப் பாட்டைப் போட்டார்களோ. பாம்பனில் மீனவர்களுக்காக 'கடல் ஓசை' என்று ஒரு சமுதாய வானொலி 2016-லிருந்து நடக்கிறது. காற்று, கடல், மீன் என்று கடற்கரை ஜனங்களுக்கு வேண்டியதை அந்த ஜனங்களே பேசுகிறார்கள். பாபநாசம் அணை 143 அடியில் எத்தனை அடி நிற்கிறது, மணிமுத்தாறு 118-ல் எத்தனை, பிசான நெல் சாகுபடிக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று நம் பக்கத்திலும் காலையில் ஒரு பிள்ளை சொன்னால், அதை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவாகவும் விட்டால், வயற்காட்டுக்காரர்கள் ஒருத்தர்விடாமல் கேட்பார்கள், நானே எங்கள் குழுவில் போட்டுவிடுவேன்.

பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30-ல் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியபோது எங்கள் அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். இன்டர்நெட்டில் இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னார்கள். ராத்திரி நேரம் பார்த்து ரேடியோவைத் திருப்புவதுதான் அவர் பழக்கம், அதை ஒரே நாளில் அறுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் தேடிக் கேள் என்றால் அவர் எங்கே போவார். டிஜிட்டலுக்குப் போகட்டும், ஒலிபரப்பை வைத்துக்கொண்டே போகட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் பத்திரிகையில் டிவி நிகழ்ச்சிக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். முன்பு அதன் கீழே வானொலி நிகழ்ச்சிகளும் வரும், எப்போது எடுத்தீர்கள் என்றுகூட ஒரு அறிவிப்பு இல்லை. வாரத்துக்கு ஒரு நாளாவது நம் பக்கத்து நிலையங்களின் நிகழ்ச்சி நேரத்தையும், அவர்களின் வாட்ஸ்அப் எண்ணையும் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் மதினிக்கு வசதி.

இப்படிக்கு,
பீடி சுற்றும் ஒரு வாசகி,
முக்கூடல்.