நீ கேட்ட அந்த ‘ரன்’

திருகோணமலை

அன்பின் மகளுக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியை நானும் அம்மாவும் கேட்டோம். இங்கிலாந்தில் உன் ஆஸ்பத்திரி வார்டில் எதற்கெடுத்தாலும் ‘ரன்’ (run) என்கிறார்கள், அகராதியைத் திறந்தால் பொருள் பக்கம் பக்கமாக வருகிறது, எதைப் பாடமாக்குவது என்று கேட்டிருந்தாய். ஒன்றையும் பாடமாக்காதே, பிள்ளை. போனில் கதைத்தால் அவசரத்தில் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

அகராதியைக் குறை சொல்ல முடியாது. ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி 1989இல் 20 தொகுதிகளாக வந்தபோது அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு. பிறகு திருத்தி எழுதும்போது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள். அந்த ஒரு சொல்லுக்கு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உழைத்தார். ஆனால் உன்னோடு வேலை செய்கிறவர்களில் எவரும் 645ஐயும் படித்துவிட்டு வரவில்லை. அவர்களிடம் அடிப்படையான ஓர் எண்ணம் இருக்கிறது, அதிலிருந்து பேசுகிறார்கள். அந்த எண்ணம் உன்னிடமும் இருக்கிறது, தமிழில்.

பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்றொரு வினை. ஆள் ஓடுவதற்கும் தண்ணீர் ஓடுவதற்கும் அதுவே. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ரின்னன்’ என்றால் நீர் வழிந்தோடுவதுதான். வைக்கிங்குகளோடு வந்த ஸ்கண்டிநேவியச் சொல்லும் இதோடு கலந்தது. ஆகவே ‘ரன்’ என்று காதில் விழும்போது மைதானத்தில் ஓடும் கால்களை நினைக்காதே. தண்ணீரை நினை.

இப்போது உன் வார்டுக்கு வருவோம். மூக்கு ‘ரன்’ ஆகிறது என்றால் ஒழுகுகிறது. ‘த ரன்ஸ்’ என்று ஒரு கிழவர் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார், விளங்கவில்லை என்றாயே, அது நம்முடைய வயிற்றோட்டம். நாங்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம், பார். குளிக்கும் தொட்டிக்குத் தண்ணீர் திறந்து விடுவது ‘ரன் எ பாத்’. ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் காய்கிறது, அவ்வளவுதான். சேலைன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். நமக்குச் சேலைன் ஏறும், அவர்களுக்கு அது ஓடும். ‘ரன் இட் ஓவர் எய்ட் அவர்ஸ்’ என்று டாக்டர் சொன்னால், அந்தப் பை எட்டு மணி நேரத்தில் முடியும் வேகத்தில் விடு என்று பொருள். அதே ‘ரன் ஓவர்’ அவசரப் பிரிவில் கேட்டால் யாரோ வாகனத்தின் கீழ் அகப்பட்டிருக்கிறார். பின்னால் வரும் ஓவர், அவுட், டவுன், இன்டூ எல்லாம் சின்னச் சொற்கள்தான், ஆனால் பொருளைத் திருப்பிவிடும். அவற்றைப் பிரிக்காமல் முழு வசனமாகவே காதில் வாங்கிக்கொள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். தமிழில் ஓடுவது வேறு, ஓட்டுவது வேறு. பழைய ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருந்தது. தானாக ஓடுவதற்கு ‘ரின்னன்’, குதிரையை ஓட்டுவதற்கு ‘ஆர்னன்’. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகி ‘ரன்’ என்று நின்றுவிட்டது. அதனால்தான் அந்தச் சொல் ஆற்றுக்கும் பொருந்துகிறது, ஆஸ்பத்திரியை நடத்துவதற்கும் பொருந்துகிறது. உங்கள் தலைமைத் தாதி, அந்த சிஸ்டர், வார்டை ‘ரன்’ பண்ணுகிறார் என்றால் அவர் அதை ஓட்டுகிறார். இதில் நீ திகைக்கவே தேவையில்லை. இந்தியாவில் கார் ஓட்டுவார்கள், நாங்கள் இங்கே கார் ஓடுகிறோம், சைக்கிள் ஓடுகிறோம், வள்ளம் ஓடுகிறோம். ஆங்கிலம் செய்ததைத்தான் நம் பேச்சும் செய்திருக்கிறது. இரவு வேலை முடிந்து ‘ஐ வில் ரன் யூ ஹோம்’ என்று ஒருத்தி கேட்டாள், என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன் என்றாய். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாள். நல்ல பிள்ளை போல இருக்கிறது. அடுத்த முறை ஏறிக்கொள்.

கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வருவதற்கு முன்னர் நாங்கள் துறையடிக்குப் போய் முதலில் கேட்பது ‘பாதை ஓடுதா?’ என்றுதான். அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைப் படகைத்தானே நாங்கள் பாதை என்போம். உனக்கும் நினைவிருக்கும். சனம், சைக்கிள், மூட்டை எல்லாம் கரையில் நிற்கும், பாதை அக்கரையில் கட்டிக்கிடக்கும். சேவை நடக்கிறதா என்பதைத்தான் கேட்டோம். ஆங்கிலத்தில் பஸ்ஸும் ரயிலும் ‘ரன்’ ஆவது இந்தப் பொருளில்தான். கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் இரவு ரயில் கல்லோயாச் சந்தியிலேயே சுணங்கிவிட்டால் அது ‘ரன்னிங் லேட்’. ரயிலுக்குச் சொன்னதை இப்போது ஆளுக்கும் சொல்கிறார்கள், கிளினிக் சுணங்கினாலும் அதுவே. எந்திரங்கள் பெருகப் பெருக இந்தச் சொல்லின் வேலையும் பெருகியது. மணிக்கூடு, மோட்டார், கணினி எல்லாம் இதற்குள் வந்துவிட்டன. கையுறை ‘ரன் அவுட்’ என்றால் முடிந்துபோயிற்று. ‘ரன் டவுன்’ என்றால் உடம்பு தளர்ந்து போயிருக்கிறது. உன் குரலைக் கேட்டால் நீயே கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறாய். ஓய்வு நாளில் நன்றாகத் தூங்கு.

தேர்தலில் மட்டும் ஆங்கிலத்துக்குள்ளேயே பேதம். அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ ஆவார், நீ இருக்கும் இங்கிலாந்தில் அவர் நிற்பார். நம்மவர்களும் நிற்கிறவர்கள்தான்.

நம் மொழியில் கண்ணும் ஓடும். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே கண்ணோட்டம் என்று பெயர் வைத்தார், இரக்கம் என்ற பொருளில். ஆங்கிலத்திலும் ஒரு பட்டியல் மேல் கண்ணை ‘ரன்’ பண்ணலாம், ஆனால் அதில் இரக்கம் வராது. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் உனக்கு இந்தத் தமிழ்ச் சொல்லை நான் ஆசையாகச் சொல்கிறேன்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று. நேற்று நடந்தது ‘ரான்’. ‘ஹாவ்’ சேர்ந்தால் மறுபடி ‘ரன்’. ‘ஐ ஹாவ் ரான்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதே. நிகழ்காலத்து ‘ரன்’னில் இருக்கும் அந்த ‘u’ எழுத்தே, ‘ஹாவ்’ சேர்ந்து வரும் பழைய எச்ச வடிவத்திலிருந்து ஏறி வந்ததுதான், அதனால் அவை இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன.

‘ரன் மீ த்ரூ இட்’ என்று யாராவது கேட்டால் தொடக்கத்திலிருந்து ஒழுங்காகச் சொல் என்று கேட்கிறார்கள். ‘ரன் இட் பை மீ’ என்றால் செய்வதற்கு முன் என்னிடம் ஒரு சொல் சொல்லிவிடு என்று பொருள். வேலைக்குப் புதிதாக வந்தவளுக்கு இந்த இரண்டாவது மிக முக்கியம். மருந்து விஷயத்தில் சந்தேகம் வந்தால் நீயாகவே போய் ‘கேன் ஐ ரன் திஸ் பை யூ?’ என்று கேள். தயங்காதே, அங்கே அது மரியாதையான கேள்வி.

இந்தக் கிழமை காதில் விழுவதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்பு, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அம்மா கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறார், அனுப்ப ஆள் பார்க்கிறோம்.

அன்புடன்,
அப்பா