அந்த மெயிலரை அச்சுக்கு அனுப்பாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு நீ அனுப்பிய மெயிலரின், வீடு வீடாகத் தபாலில் போகிற அந்தப் பிரசாரத் தாளின், பிடிஎஃப்பைப் பார்த்தேன். காலி நாற்காலிப் படம், மேலே சிவப்பு எழுத்தில் "கவுன்சிலர் எங்கே போனார்?" நன்றாகத்தான் இருக்கிறது. "டீச்சர் மூணாவது இடத்துல நிக்கிறாங்க, இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, இப்ப அடிக்கலைன்னா எப்ப அண்ணா அடிக்கிறது?" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு பிரைமரியிலும், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலிலும், பின்தங்கிய வேட்பாளர் பக்கம் நிற்கும் பிள்ளைகள் கேட்கிற கேள்விதான் இது, அதனால் பொதுவில் போடுகிறேன். உன் பெயரும் தொகுதியும் இதில் வராது, கோபித்துக்கொள்ளாதே.

சொந்தக் கட்சிக்காரரை அடிப்பது பாவம் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவரை நாலு கேள்வி கேட்கத்தான் பிரைமரியே. என் கவலை வேறு. நீ கவுன்சிலரை அடிக்கிறாய், அவரிடமிருந்து ஓட்டு உதிர்கிறது, சரி. உதிர்ந்தது யார் மடியில் விழும் என்று யோசித்தாயா?

2004 ஜனவரி, அதிபர் வேட்பாளர் போட்டி, அயோவா மாநிலம். டெமாக்ரடிக் கட்சியில் ஹோவர்ட் டீன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். டிக் கெபார்ட் பக்கத்து மாநிலமான மிசௌரிக்காரர், 1988இல் இதே அயோவாவை ஜெயித்தவர், தொழிற்சங்கங்கள் அவர் பக்கம். இங்கே தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். அதனால் டீனைப் பிடித்து உலுக்கினார்: முதியோருக்கான மெடிகேர் செலவைக் குறைக்கக் குடியரசுக் கட்சி திட்டம் போட்டபோது அதற்குத் தலையாட்டியவர் இவர் என்று. டீன் சும்மா இருப்பாரா, ஈராக் போருக்கு புஷ்ஷோடு கைகோத்து நின்றவர் கெபார்ட் என்று டிவியில் விளம்பரம் போட்டார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேச்சிலும் விஷயம் இருந்தது. மக்கள் இரண்டையும் கேட்டார்கள், இரண்டையும் நம்பினார்கள், இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். ஜனவரி 19 ராத்திரி ஜான் கெரி 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸ் 32, டீன் 18, கெபார்ட் 11. மறுநாளே கெபார்ட் விலகினார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், அந்த மாதம் அயோவாவில் கூத்தாடிகள் இரண்டு பேர்.

இப்போது உன் தொகுதியைப் பார். முதலில் கவுன்சிலர். இரண்டாவது அந்த வக்கீல், நாய்க்குட்டியோடு சிரித்துக்கொண்டு டிவியில் வருகிறாரே, அவர். மூன்றாவது டீச்சர். நீ காசைக் கரைத்து கவுன்சிலரைக் கீழே தள்ளினால் அந்த ஓட்டு ஒரே ஓட்டமாக டீச்சரிடம் வரும் என்று யார் சொன்னது? நடுவில் வக்கீல் மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கிறிஸ் கிறிஸ்டி செய்ததையும் நினைத்துப் பார். 2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயரில் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர்களின் விவாத மேடை. மார்க்கோ ரூபியோ ஒப்பித்த வாக்கியத்தையே திரும்பத் திரும்ப ஒப்பிக்க, மனப்பாடம் செய்த இருபத்தைந்து விநாடிப் பேச்சு இதுதான் என்று கிறிஸ்டி அங்கேயே போட்டு உடைத்தார். அவ்வளவு சுத்தமான அடியை விவாத மேடையில் நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்று நாள் கழித்து ரூபியோ ஐந்தாவது. அடித்தவர் ஆறாவது, 7 சதவீதம்; அடுத்த நாள் விலகினார். அந்த மேடையில் யாரும் சரியாகத் தொடாத டிரம்ப் 35 சதவீதத்தோடு முதலிடம். அந்தப் பூனைக்கு மணி கட்ட எல்லாரும் அடுத்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசக் கடைசியில் ரூபியோவே துணிந்து கட்டப் போனார், எப்படி? டிரம்ப்பின் கை சின்னது என்று கிண்டல் செய்து. பிறகு தன் பிள்ளைகளே கூசிப்போனார்கள் என்று வருத்தப்பட்டார். சொந்த மாநிலமான ஃபுளோரிடாவில் 46க்கு 27 என்று தோற்றார்.

உன் மெயிலருக்கு நேர் அண்ணன் ஒன்று இருக்கிறது. 2015 அக்டோபர், அதே போட்டியில் கொலராடோ விவாதம். பின்தங்கிக்கொண்டிருந்த ஜெப் புஷ், செனட்டுக்கு வராமல் ஓட்டைத் தவறவிடுகிறீர்களே என்று ரூபியோவைக் கேட்டார். நியாயமான கேள்விதான், நீ கேட்பதும் அதே வருகைப் பதிவேடுதான். ரூபியோ சொன்னதன் சாரம்: முன்பு செனட்டர் ஜான் மெக்கெய்ன் அதிபர் பிரசாரத்துக்காக ஓட்டைத் தவறவிட்டபோது நீங்கள் வாய் திறக்கவில்லை, இப்போது கேட்பது நாம் இருவரும் ஒரே பதவிக்கு நிற்பதால்தான், என்னை அடித்தால் லாபம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு முடிந்தது. அந்த "யாரோ"தான் இப்போது நீ!

அடித்து ஜெயித்தவரே இல்லையா என்பாய். இருக்கிறார், அதுவும் உனக்குப் பக்கத்திலேயே. 2025 நியூயார்க் மேயர் பிரைமரி. மம்தானி தொடக்கத்தில் ஓரிரு சதவீதத்தில் கிடந்தவர், பதவி விலகிய முன்னாள் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ எட்டாத உயரத்தில் முன்னால். ஜூன் 12 விவாதத்தில் மம்தானி, நான் அவமானப்பட்டுப் பதவி விலகியவன் இல்லை என்று குவோமோவின் முகத்துக்கு நேராகச் சொல்லி, தன் பெயரை எழுத்து எழுத்தாகவும் சொல்லிக்காட்டினார். 12 நாள் கழித்து நடந்த தேர்தலில், கடைசிச் சுற்றுக் கணக்கில் 56க்கு 44 என்று ஜெயித்தார். ஆனால் அங்கே ஓட்டுச்சீட்டே வேறு: ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். விவாதத்துக்கு மறுநாள் அவரும் இன்னொரு வேட்பாளரான பிராட் லாண்டரும் ஒருவருக்கொருவர் ஆதரவு அறிவித்துவிட்டார்கள். குவோமோவை யார் அடித்தாலும், உதிர்வது இரண்டு பேரில் ஒருவருக்கு வந்து, அங்கிருந்து கடைசியில் மற்றவருக்குப் போய்ச்சேரும். அதைவிட முக்கியம், வாடகை உயராது, பஸ் இலவசம் என்று மாசக்கணக்கில் பேசிவிட்டுத்தான் அடித்தார். கேட்டவர்களுக்கு இவர் எதற்கு நிற்கிறார் என்று ஏற்கெனவே தெரியும். உங்கள் தொகுதியில் ஒரு சீட்டு, ஒரு பெயர். டீச்சரைப் பற்றி ஜனங்களுக்குத் தெரிந்தது அவர் டீச்சர் என்பது மட்டும்தான்.

கட்சி மேலிடம் பழிவாங்கும் என்று உன் நண்பன் பயப்படுகிறானாம். அதை விடு. 1980இல் ரீகனின் திட்டத்தை "வூடூ பொருளாதாரம்" என்று, மாயமந்திரக் கணக்கு என்ற பொருளில், பிரைமரியில் கிண்டல் செய்த அப்பா ஜார்ஜ் புஷ்தான் அவருடைய துணை அதிபர் ஆனார். 2019இல் பைடனை மேடையில் வெளுத்த கமலா ஹாரிஸும் அப்படித்தான். அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியவர்களுக்கு அந்த வெளுப்பு ஞாபகமே இருந்திருக்காது. பயப்படவேண்டியது வேறொன்றுக்கு. 1988இல் பின்தங்கியிருந்த அல் கோர், கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு கொடுத்தாரே என்று நியூயார்க் விவாதத்தில் சொந்தக் கட்சியின் மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாகிஸைக் கேட்டார். கோருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை, கொஞ்ச நாளில் ஒதுங்கினார். எதிர்க்கட்சி அதை அப்படியே எடுத்துக்கொண்டு நவம்பர்வரை அடித்தது. டுகாகிஸ் 40 மாநிலங்களில் தோற்றார். உன் காலி நாற்காலியை நவம்பரில் யார் மறுபடி அச்சடிப்பார்கள் என்று பார்த்துக்கொள்.

அதனால், அந்தக் காசுக்கு டீச்சர் படத்தைப் போட்டு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லு, பள்ளிக்கூட பஸ் விஷயத்தையே சொல்லேன், அவர் வாயில் அது நன்றாக வருகிறது. வக்கீல் விலகி இரண்டே பேர் என்று ஆனால் எனக்குப் போன் போடு, நாற்காலியை நானே பெரிதாக அடித்துத் தருகிறேன். அப்போதும் டீச்சர் விவாதத்தில் கவுன்சிலரைப் பார்த்து நேருக்கு நேர் சொல்லக்கூடியதை மட்டும்தான்.

சனிக்கிழமை கதவு தட்ட வருகிறேன், எந்தத் தெரு என்று மட்டும் சொல். அப்புறம் ஒன்று. அவ்வளவு நீளமாக எழுதியிருந்தாய், டீச்சர் அந்த மெயிலரைப் பார்த்தாரா என்று எங்கேயும் சொல்லவில்லையே?

அன்புடன்,
அண்ணன்